கால எடுக்கலாமா வேணாமா? எலும்பு கேன்சர் வந்த நாய்க்கு இருக்குற வழிங்க

எங்க மணிக்கு முன்னங்கால்ல எலும்பு கேன்சர்னு சொன்ன அன்னிக்கு ராத்திரி முழுக்க என் மனசுல ஓடுனது ஒரே கேள்விதான், மூணு கால வெச்சுக்கிட்டு இவன் எப்படி வாழ்வான். ரெண்டு நாள் அதையே நெனச்சு அழுதுட்டு இருந்தேன். மூணாவது நாள் காலையில அவன் வாசல் வரைக்கும் நடந்து போறத உக்காந்து பாத்தேன், அந்த கால தரையில ஊனவே இல்ல, மடக்கி தூக்கி வெச்சுக்கிட்டு தாவித் தாவி போறான். அதாவது ஏற்கனவே மூணு கால்லதான் நடந்துட்டு இருந்தான், நாலாவது கால் வலிக்கிறதுக்கு மட்டும்தான் கூட இருந்துச்சு. அப்பதான் நான் தப்பான எடத்துலேர்ந்து யோசிச்சுட்டு இருக்கேன்னு புரிஞ்சுது.

இப்ப இதே முடிவுக்கு முன்னாடி நிக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். எங்க மணி கால எடுத்து கீமோவும் பண்ணி 13 மாசம் இருந்தான். கூட வேலை செய்யுற அண்ணன் ஒருத்தரோட டைகருக்கு கால எடுக்க முடியாத நெலமை, அவனுக்கு வேற வழியில போனாங்க. ரெண்டையும் கிட்ட இருந்து பாத்துருக்கேன், ரெண்டு முடிவும் அந்தந்த நாய்க்கு சரிதான்னு இன்னிக்கும் நம்புறேன்.

மொதல்ல நோயப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், இல்லன்னா எத எதோட ஒப்பிடுறோம்னே தெரியாது. நாய்க்கு எலும்புலயே ஆரம்பிக்கிற கேன்சர்ல 100க்கு 85 ஆஸ்டியோசார்கோமாங்குற ஒரே வகைதான். பெரிய உடம்புக்காரங்களுக்குத்தான் அதிகம் வரும், ராட்வீலர், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், கிரேஹவுண்ட் மாதிரி. பெரும்பாலும் 7 வயசுக்கு மேல வரும், ஆனா ஒண்ணரை ரெண்டு வயசுலயே வர்றதும் உண்டு. பின்னங்கால விட முன்னங்கால்ல ரெண்டு மடங்கு அதிகம், மணிக்கு வந்த மாதிரி மணிக்கட்டுக்கு மேல, இல்லன்னா தோள்பட்டைக்கு கீழ. இது எலும்ப உள்ளேர்ந்து அரிச்சுட்டே வெளிய வளரும், அதனாலதான் அந்த வலி அவ்வளவு கொடுமையா இருக்கு, எலும்பும் உளுத்துப்போன கட்டை மாதிரி ஆகி ஒரு சின்ன தாவலுக்கே முறிஞ்சிடும்.

அடுத்தது கேக்கவே கஷ்டமான விஷயம். கண்டுபிடிக்கிற அன்னிக்கே 100க்கு 90 நாய்க்கு இது நுரையீரலுக்கோ வேற எடத்துக்கோ கண்ணுக்கு தெரியாத அளவுல போயிருக்கும். எக்ஸ்ரேல பாத்தா பெரும்பாலானவங்களுக்கு நெஞ்சு சுத்தமாத்தான் தெரியும், ஆனா உள்ள வெத விழுந்தாச்சு. அதனால கால எடுத்துட்டா கேன்சர் போயிடும்னு நெனச்சு ஆபரேஷனுக்கு போகாதீங்க. எங்க டாக்டர் வயசானவரு, அவரு சொன்னத அப்படியே சொல்றேன், "கால எடுக்குறது வலியப் போக்கம்மா, கீமோ நாளக் கூட்ட, ரெண்டையும் ஒண்ணாப் போட்டு கொழப்பிக்காத." இந்த ஒரு வார்த்தை புரிஞ்சதுக்கப்புறம்தான் எனக்கு எல்லாமே தெளிவாச்சு, ஏன்னா ஒவ்வொரு வழியையும் வலிக்கு என்ன செய்யுது, நாளுக்கு என்ன செய்யுதுன்னு தனித்தனியா பாக்க ஆரம்பிச்சேன்.

முடிவெடுக்குறதுக்கு முன்னாடி சில டெஸ்ட் கண்டிப்பா எடுத்துடணும். நெஞ்சு எக்ஸ்ரே மூணு கோணத்துல எடுக்க சொல்லுங்க, ஒரே ஒரு படம் பத்தாது. அப்புறம் மத்த மூணு காலையும் இடுப்பையும் முதுகையும் டாக்டர் கைய வெச்சு நல்லா பாக்கணும், ஏன்னா இனிமே பாரம் முழுக்க அதுங்க மேலதான். ரத்தத்துல அல்கலைன் பாஸ்பட்டேஸ்னு ஒரு என்சைம் அளவு பாப்பாங்க, அது ஏறியிருந்தா நோய் கொஞ்சம் வேகமா போகும்னு அர்த்தம். ஊசி போட்டு செல் எடுத்து பாக்குறதும் முக்கியம், சில எடங்கள்ல பூஞ்சை தொற்று கூட எக்ஸ்ரேல அச்சு அசல் கேன்சர் மாதிரியே தெரியும்.

இதுல எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு. மணி நொண்ட ஆரம்பிச்சப்ப மொதல்ல காட்டுன எடத்துல சுளுக்குன்னு சொல்லி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, ரெண்டாவது வாட்டி போனப்பவும் அதேதான், அஞ்சு வாரம் அப்படியே போச்சு. மாத்திரை போட்டா ரெண்டு நாள் நல்லா இருப்பான் மறுபடியும் நொண்டுவான். அன்னிக்கே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தா அவன் அஞ்சு வாரம் அந்த வலியோட கெடந்திருக்க மாட்டான்னு நெனைக்கும்போது இன்னமும் மனசு ஆற மாட்டேங்குது. பெரிய நாய், வயசு ஏறுனது, ரெண்டு வாரத்துக்கு மேல நொண்டுதுன்னா நீங்களே வாய் விட்டு எக்ஸ்ரே எடுங்கன்னு கேளுங்க, தயங்காதீங்க.

சரி, வழிகளுக்கு வர்றேன். கால மட்டும் எடுத்துட்டு கீமோ பண்ணாம விட்டா சராசரியா 4, 5 மாசம். சராசரின்னா பாதி பேர் அதுக்குள்ள போயிடுவாங்க பாதி பேர் அதத் தாண்டி இருப்பாங்கன்னு எடுத்துக்கோங்க, உங்க நாய்க்கு நாள் குறிச்சிட்டாங்கன்னு நெனைக்காதீங்க. நாள் கொஞ்சம்தான், ஆனா அந்த நாள்ல எலும்பு வலி இருக்காது. இத சின்ன விஷயமா நெனைக்காதீங்க. ஆபரேஷன் முடிஞ்ச பத்தாவது நாள் மணி பந்த வாயில கவ்வி கொண்டு வந்து என் மடியில போட்டான், அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா அவன் அந்த பந்து பக்கமே திரும்பிப் பாக்கல. வலி எவ்வளவு இருந்திருக்குன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

காலை எப்பவும் மேலேர்ந்தே எடுத்துடுவாங்க, முன்னங்கால்னா தோள்பட்டை எலும்போட சேத்து, பின்னங்கால்னா தொடையில பாதி இல்லன்னா இடுப்பு மூட்டோட. கொஞ்சம் மிச்சம் வெக்கக் கூடாதா செயற்கைக் கால் மாட்டலாமேன்னு நானும் கேட்டேன். கேன்சர் கட்டிய சுத்தி நல்ல எடம் விட்டு வெட்டணும், அது ஒரு காரணம். இன்னொண்ணு, துண்டா மிச்சம் இருந்தா நாய் அத தரையில ஊனப் பாத்து தேய்ச்சு தேய்ச்சு புண்ணாக்கிடும். செயற்கைக் கால் மாட்டணும்னா முழங்காலுக்கு கீழ ஓரளவு கால் மிச்சம் இருக்கணும், இந்த நோய்ல அதுக்கு வழியில்ல, தேவையும் பெரும்பாலும் வராது.

முன்னங்காலா பின்னங்காலாங்குறதுல வித்தியாசம் இருக்கு. நாயோட எடையில 60 சதவீதம் முன்னாடிதான் விழும். அதனால பின்னங்கால் போனவங்க சீக்கிரமே பழகிடுவாங்க, ஓடுறப்ப தூரத்துலேர்ந்து பாத்தா மூணு கால்னே தெரியாது. வண்டியில அடிபட்டு பின்னங்கால எடுத்த ஒரு குட்டி எங்க தெருவுலயே இருக்கு, அதுக்கு காது அரிச்சா அந்தப் பக்க தொடை மொட்டு மட்டும் வேகமா துடிக்கும், கால் இருக்குறதா நெனச்சு சொறியுது, நான் போய் அந்த காத சொறிஞ்சு விட்டா கண்ண மூடிக்கும். மணிக்கு போனது முன்னங்கால், அது கொஞ்சம் கஷ்டம்தான். ஒவ்வொரு அடிக்கும் தலை மேல கீழ போகும், படி எறங்குறப்ப மோவாய் தரையில இடிக்கும், தண்ணி குடிக்க குனிஞ்சா பேலன்ஸ் போய் முகம் தட்டுலயே விழும், அதனால தண்ணியும் சாப்பாடும் ஒரு முக்காலி மேல வெச்சோம். கஷ்டம்னு சொன்னேனே தவிர முடியாதுன்னு சொல்லல, மூணே வாரத்துல வாசல்ல பால்காரரப் பாத்து ஓடிப்போய் குலைச்சான்.

மொத ரெண்டு வாரத்தப் பத்தி யாரும் முழுசா சொல்ல மாட்டாங்க, அதனால நான் சொல்லிடுறேன். அந்த பக்கம் முழுக்க முடிய மழிச்சிருப்பாங்க, நீளமா தையல், சுத்தி கருநீலமா கன்னிப்போய் இருக்கும், அது ரெண்டு மூணு நாள்ல வயித்துப்பக்கமா எறங்கும், பயப்படாதீங்க. தையலுக்கு கீழ தண்ணி கோத்து பை மாதிரி தொங்கலாம், பெரும்பாலும் தானா வத்திடும். ராத்திரி மூச்சிரைக்கும், அனத்தும், அதுல பாதி வலி மாத்திரையோட மயக்கம். திடீர்னு கத்திட்டு இல்லாத கால் பக்கம் திரும்பிப் பாக்கும், அது போன காலோட வலி, மனுசங்களுக்கு வர்ற மாதிரியே நாய்க்கும் வரலாம்னு சொல்றாங்க, கபாபென்டின்னு நரம்பு வலி மாத்திரை குடுத்தா பெரும்பாலும் அடங்கும். மூணாவது நாள் ராத்திரி நான் மணி பக்கத்துல தரையில படுத்துக்கிட்டு தப்பு பண்ணிட்டேன் தப்பு பண்ணிட்டேன்னு அழுதேன். அந்த ராத்திரிய வெச்சு முடிவ எடை போடாதீங்க, தையல் பிரிக்கிற 10லேர்ந்து 14 நாள் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

வழுக்குற தரைதான் மூணு கால் நாய்க்கு மொத எதிரி. டைல்ஸ் இருந்தா அவன் போற வழி பூரா ரப்பர் மேட் போடுங்க, பாதத்துக்கு அடியில வளர்ற முடிய வெட்டி விடுங்க, நகத்தையும்தான். புடிச்சு தூக்குற மாதிரி கைப்பிடி வெச்ச ஹார்னெஸ் ஒண்ணு வாங்கிடுங்க. ஒரேயடியா நீளமா நடக்க விடாம கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வாட்டி கூட்டிட்டு போங்க, மிச்சம் இருக்குற முன்னங்கால் மணிக்கட்டு அத்தனை பாரத்தையும் தாங்குது. எடை ஏறவே விடக்கூடாது, விலா எலும்பு கைக்கு தட்டுப்படணும். மணி 38 கிலோ இருந்தான், 34க்கு கொண்டு வந்தோம், பாவமாத்தான் இருந்துச்சு ஆனா அவன் நடையே மாறிடுச்சு.

கால எடுத்துட்டு கீமோவும் பண்ணுனா சராசரி 10லேர்ந்து 12 மாசம் வரைக்கும் போகும், அஞ்சுல ஒருத்தர் ரெண்டு வருசம் தாண்டுவாங்க. அதிகமா குடுக்குறது கார்போபிளாட்டின், மூணு வாரத்துக்கு ஒரு வாட்டின்னு 4லேர்ந்து 6 டோஸ், டிரிப்ஸ்ல ஏத்துவாங்க, அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். டாக்ஸோரூபிசின்னு இன்னொண்ணு இருக்கு, அது இதயத்த பாதிக்கும், அதனால இதயம் பலவீனமான நாய்க்கு குடுக்க மாட்டாங்க. கீமோன்ன உடனே நமக்கு தெரிஞ்ச மனுசங்க பட்ட பாடுதான் கண்ணு முன்னாடி வரும், எனக்கும் வந்துச்சு, அதனாலயே வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன் மொதல்ல. நாய்க்கு குடுக்குற அளவே வேற, பக்கவிளைவு கம்மியா இருக்கணும்னு பாத்துத்தான் குடுக்குறாங்க. மணிக்கு ரெண்டாவது டோஸுக்கு அப்புறம் மூணு நாள் வாந்தியும் பேதியும், மத்ததெல்லாம் ஒரு நாள் சோந்து படுத்தான் அவ்வளவுதான், முடியும் கொட்டல. ஒவ்வொரு டோஸுக்கு அப்புறமும் ஒண்ணு ரெண்டு வாரத்துல வெள்ளை அணு எறங்கும், அப்ப காய்ச்சல் வந்தா ஒரு மணி நேரம் கூட காத்திருக்காம தூக்கிட்டு ஓடணும். டோஸ் குடுத்த சில நாளைக்கு அவனோட மூத்திரத்த கிளவுஸ் போடாம தொடைக்காதீங்க, வீட்ல கர்ப்பமா இருக்குறவங்க அந்த பக்கமே போக வேணாம்.

கீமோவோட குறை என்னன்னா செலவும் அலைச்சலும். ஆஸ்பத்திரிக்குள்ள நொழஞ்சாலே நடுங்குற நாய்க்கு மூணு வாரத்துக்கு ஒரு வாட்டி அந்த பயம். அப்படிப்பட்ட நாய்க்கு கால மட்டும் எடுத்துட்டு, கெடைக்கிற 4, 5 மாசத்த வீட்லயே நிம்மதியா குடுக்குறதும் நல்ல முடிவுதான், யாரும் அதுக்காக குத்தவுணர்ச்சி படத் தேவையில்ல. எக்ஸ்ரேல நெஞ்சுல கட்டி ஏற்கனவே தெரிஞ்சிடுச்சுன்னா கீமோ பெருசா எதுவும் செய்யாது, அப்ப நான்னா அதுல காசக் கொட்ட மாட்டேன்.

இனி கால எடுக்காத வழி. டைகருக்கு தோள்பட்டைக்கு கீழ கட்டி, வயசு 11, ரெண்டு பின்னங்கால் இடுப்பும் பொறந்ததுலேர்ந்தே சரியில்ல, எழுந்திருக்கவே ஆள் புடிக்கணும். அவனுக்கு ஒரு முன்னங்காலயும் எடுத்தா நிக்கவே முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வலிக்கு மட்டும் ரேடியேஷன் குடுத்தாங்க, இதுல ரெண்டுலேர்ந்து நாலு வாட்டிதான், கேன்சர அழிக்கிற அளவுக்கு இல்ல. ஒண்ணு ரெண்டு வாரத்துல பெரும்பாலான நாய்க்கு வலி நல்லா கொறையும், அது 2லேர்ந்து 4 மாசம் தாங்கும். கூடவே ஜோலெட்ரோனேட்னு எலும்பு அரிக்கிறத தடுக்குற டிரிப்ஸ் மாசம் ஒண்ணு, மாத்திரையும் தொடர்ந்து.

இதுல ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. வலி போயிடும், நாய் கால நல்லா ஊன ஆரம்பிக்கும், ஆனா எலும்பு உளுத்ததுதானே. டைகர் நல்லா ஆயிட்டான்னு அண்ணன் சந்தோசமா போட்டோ எல்லாம் அனுப்புனாரு, சோபாவுக்கு ஏறாம இருக்க சுத்தி நாற்காலி அடுக்கி வெச்சாரு, ராத்திரி அவனோட கீழயே படுத்தாரு. மூணு மாசம் நல்லா ஓடுச்சு. ஒரு நாள் காலையில வாசப்படியில ஒரே ஒரு அடி, டக்குன்னு சத்தம். அன்னிக்கே அவன ஊசி போட்டு வலியில்லாம அனுப்பி வைக்க வேண்டியதாச்சு. கால வெச்சுக்கிற எந்த வழியா இருந்தாலும் இப்படி ஒரு நாள் வரலாம்னு மொத நாள்லயே தயாரா இருங்க, ராத்திரி நேரத்துல எந்த டாக்டர் வருவாருன்னு நம்பர் எழுதி வெச்சுக்கோங்க. இது தெரிஞ்சிருந்தும் டைகருக்கு வேற வழி சரியா இருந்திருக்காதுன்னுதான் நான் சொல்லுவேன், அந்த மூணு மாசம் அவன் வாலாட்டிட்டுதான் இருந்தான்.

மாத்திரை மட்டும் குடுத்து பாத்துக்குறேன்னு சொல்றவங்களுக்கு, கார்ப்ரோஃபென் இல்லன்னா மெலாக்ஸிகாம்னு வலி மாத்திரை, கூட கபாபென்டின், இதுதான் வழக்கம். ஆரம்பத்துல நல்லா இருக்கும், ஆனா இந்த வலி மாத்திரைய மீறி வளரும், சில வாரம், மிஞ்சிப்போனா ரெண்டு மூணு மாசம். வீட்ல இருக்குற மனுசங்க மாத்திரைய தூக்கி குடுத்துடாதீங்க, ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம், பாரசிட்டமாலும் டாக்டர கேக்காம கூடாது. கார்ப்ரோஃபென் மாதிரி மாத்திரையோட ஸ்டீராய்டு சேத்து குடுத்தா வயித்துல புண்ணாகி ஓட்டையே விழலாம். நாய் கத்தலியே, வலி இல்ல போலருக்குன்னு பல பேர் சொல்லிக் கேட்டுருக்கேன். நாய் பெரும்பாலும் கத்தாது. கால நக்கிட்டே இருக்கும், ராத்திரி எடம் மாத்தி மாத்தி படுக்கும், கூப்பிட்டா கண்ண மட்டும் தூக்கிப் பாக்கும், அதெல்லாம் வலிதான்.

கட்டிய மட்டும் எடுத்துட்டு உலோகத் தகடோ வேற எலும்போ வெச்சு கால காப்பாத்துற ஆபரேஷனும் இருக்கு. மணிக்கட்டுக்கு மேல வந்த கட்டிக்குத்தான் அது ஒத்து வரும், பெரிய சென்டர்லதான் பண்ணுவாங்க, ஏறக்குறைய பாதி நாய்க்கு இன்ஃபெக்ஷன் ஆகுது, நாளும் கால எடுத்ததவிட கூடப்போறதில்ல. இன்னொரு காலும் கெட்டுப்போன நாய்க்கு யோசிக்கலாம், மத்தபடி நமக்கு நாலு கால் பாக்கணுங்குற ஆசைக்காக அவன அத்தனை ஆபரேஷனுக்கு உட்படுத்த எனக்கு மனசு வராது.

எதுவுமே பண்ணாம வலி முத்துறதுக்கு முன்னாடியே நிம்மதியா அனுப்பி வெக்கிறதும் ஒரு வழிதான். கால் ஏற்கனவே முறிஞ்சு, நெஞ்சுலயும் பரவி, வயசும் ஆச்சுன்னா அதுதான் ரொம்ப அன்பான முடிவா இருக்கும்.

என் கணக்கு இதுதான். மத்த மூணு காலும் நல்லா இருந்து நெஞ்சும் சுத்தமா இருந்தா கால எடுத்துடுங்க, கைல வசதியும் நாய்க்கு தைரியமும் இருந்தா கீமோவும் சேத்து. 10 வயசு ஆச்சே, 50 கிலோ இருக்கானேங்குறத மட்டும் வெச்சு வேணாம்னு சொல்லாதீங்க, கிரேட் டேனே மூணு கால்ல ஓடுது. மத்த கால் தாங்காதுன்னா ரேடியேஷன். அதுக்கு வசதி இல்லன்னா மாத்திரை, ஆனா எப்ப போதும்னு மொதல்லயே பேசி வெச்சுக்கிட்டு.

அந்த "எப்ப போதும்"முக்கு எங்களுக்கு உதவுனது அலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு கால்நடை கேன்சர் டாக்டர் 2004ல உருவாக்குன மார்க் முறை. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோசம், நடமாட்டம், கெட்ட நாள விட நல்ல நாள் அதிகமா இருக்கா, இந்த ஏழுல ஒவ்வொண்ணுக்கும் 10 மார்க், நல்லா இருந்தா மார்க் கூட. கூட்டுனா 35க்கு மேல இருந்தா வாழ்க்கை இன்னும் நல்லா ஓடுதுன்னு எடுத்துக்கலாம். நானும் தங்கச்சியும் ஞாயித்துக்கிழமை தோறும் தனித்தனியா மார்க் போட்டு ஃபிரிட்ஜ் மேல ஒட்டுன பேப்பர்ல எழுதுவோம். ரொம்ப நாளைக்கு 60க்கு கீழ எறங்கவே இல்ல. தூங்குறப்ப நிமிசத்துக்கு எத்தன மூச்சு விடுறான்னும் எண்ணுவேன், நுரையீரலுக்கு வந்து முத்துனா அதுலயும் தெரியும், 30க்கு மேல போகக்கூடாது. ஒரு வருசம் முழுக்க 18, 20, 19ன்னு போச்சு. அப்புறம் ஒரு வாரம் 34. எக்ஸ்ரேல நெஞ்சு பூரா வெள்ளை வெள்ளையா உருண்டை.

அதுக்கப்புறமும் அஞ்சு வாரம் இருந்தான். இருமல் வந்துச்சு, நடை கொறஞ்சுது, ஆனா பந்த பக்கத்துலயே வெச்சுக்கிட்டுதான் படுப்பான். கடைசி ஞாயித்துக்கிழமை தங்கச்சி 31 போட்டா, நான் 29. பேப்பர்ல எழுதிட்டு ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. திங்கக்கிழமை காலையில டாக்டருக்கு போன் பண்ணி வீட்டுக்கே வந்துடுங்கன்னு சொன்னேன்.